என் வலது கையும் வாடகை ஜெனரேட்டரும்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் போட்டிருந்த மேடைக்குப் பின்னால் ஒரு குட்டி லாரி நின்றிருந்தது. அதன் மேல் வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் இடது கையில் மாண்டலினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்த ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய சந்தனம். ஆயுத பூஜை சாயங்காலம். மேடைக்கு என்னைக் கூப்பிட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

டீ குடிக்கப் போயிருந்த ஜெனரேட்டர்க்காரர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார். பிறகு, "இன்னா நைனா, குளுர் ஜுரமா?" என்று கேட்டார்.

இல்லை, பிராக்டீஸ் பண்ணுகிறேன் என்றேன்.

அவர் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. விழாக்களுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்கள். "நல்லா புடிச்சிக்க. சைலன்ஸர் பக்கம் மட்டும் போவாத, சுட்ரும்" என்று சொல்லிவிட்டு லாரி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

சென்ற வாரம் நான் பல் பிடுங்கிக்கொண்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். உங்கள் வாழ்க்கையில் உருப்படியாக எதுவுமே நடக்கவில்லையா என்று கேட்டிருந்தார். நடந்திருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதுவும் உருப்படிதானா என்பதை அவரே பார்த்துச் சொல்லட்டும்.

டிங்

நான் சாத்தாங்காட்டில் இருபத்திரண்டு வருஷம் கட்டிங் வேலை பார்த்தவன். கிரைண்டர்தான் என் ஆயுதம். கிரைண்டர் என்றதும் இட்லி மாவு ஞாபகம் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இது கையில் பிடிக்கிற மெஷின். முனையில் வட்டமாக ஒரு கல் சுற்றும். இரும்பு ஆங்கிள், சேனல், கம்பி, எதுவானாலும் அறுக்கும். அறுக்கும்போது பிடித்திருப்பவனின் கடைவாய்ப் பல் வரைக்கும் அதிரும்.

என் மனைவி தேவியின் அண்ணன் பார்த்திபன் மாதவரத்தில் ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சினார். அவர் வீட்டு ஷோகேஸில் ஒரு மாண்டலின் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா வைக்கும் ஆசையில் வாங்கியதாம். ஒரு பாட்டும் வாசித்ததில்லை. பீங்கான் யானைக்கும் கேரம் போட்டிக் கோப்பைக்கும் நடுவில் அது மல்லாந்து படுத்திருந்தது. நான் கண்ணாடியைத் தள்ளிவிட்டு ஒரு தந்தியைத் தட்டினேன். டிங் என்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மச்சான் பாயசக் கிண்ணத்தோடு ஓடி வந்து கண்ணாடியை இழுத்து மூடினார்.

"மாப்ள, உன்து இரும்ப அறுக்குற கை. இத்த இன்னாத்துக்கு நோண்டிகினு கீற?"

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஹாலில் இருந்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் அது பந்தயத்தில் போய் முடிந்தது. எங்கள் மார்க்கெட்டில் ஆயுத பூஜைக்கு மேடை போட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்கள். அந்த மேடையில் ஒரே ஒரு பாட்டை நான் தடுமாறாமல் வாசித்தால் மாண்டலின் எனக்கு. தடுமாறினால் அது மறுபடி ஷோகேஸுக்குப் போய்விடும், நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. பழகுவதற்காக மாண்டலினை அன்றைக்கே கொடுத்தனுப்பினார். ஏழு மாதம் அவகாசம் இருந்தது.

வெறும் ரோஷம் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக என் கையிலிருந்து கிளம்பிய எந்தச் சத்தத்தையும் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொண்டுதான் கடந்து போயிருக்கிறார்கள். அந்த டிங் எனக்கு வேண்டியிருந்தது. அதை மறுபடி யானைக்குப் பக்கத்தில் படுக்க வைக்க எனக்கு மனசில்லை.

ஏழு பிக்

ராயபுரத்தில் ஜெனிஃபர் என்று ஒரு பெண், இருபத்து நாலு வயது இருக்கும். பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. சாயங்காலம் வீட்டு மாடியில் கிடாரும் மாண்டலினும் சொல்லிக்கொடுப்பார். என் வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் நாலாவது, ஐந்தாவது படிக்கிறவர்கள். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை அங்கிள் என்பார்.

மாண்டலினில் எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நாலு ஜோடி. பார்க்கிறவர்கள் எல்லாம் இடது கை விரல்கள் ஓடுவதைத்தான் பார்ப்பார்கள், ஆனால் வாசிப்பது வலது கை என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். பிக் என்பது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு. ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலைச் சும்மா சாய்க்க வேண்டும். இறுக்கக்கூடாது. முழங்கை அசையக்கூடாது. மணிக்கட்டு மட்டும் கீழே, மேலே, கீழே, மேலே என்று போய்வர வேண்டும். கை கழுவியபின் துண்டு கிடைக்காவிட்டால் தண்ணீரை உதறுவோம் இல்லையா, அந்த அளவுக்கு லேசாக.

எனக்கு லேசாகப் பிடிக்கவே தெரியாது. கையில் இருப்பது நழுவினால் பக்கத்தில் இருப்பவன் கால் போய்விடும் என்ற பயத்தோடு இத்தனை வருஷம் பிடித்துப் பழகியவன் நான். ஒவ்வொரு வகுப்பிலும் மிஸ் என் தோளைத் தட்டி இறக்குவார். இரண்டு நிமிஷத்தில் அது காதுக்கு ஏறிவிடும். முதல் வாரத்தில் ஏழு பிக் உடைந்தது.

அப்போது நான் செய்த காரியத்தை ஒரு இரும்பு மார்க்கெட்டுக்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஸ்டெயின்லெஸ் தகட்டில் பிக் அளவுக்கு ஒரு துண்டை அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவி, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இதை எவனும் உடைக்க முடியாது என்று பெருமையாக இருந்தது. ஒரே தட்டு. கீழ் ஜோடித் தந்தி இரண்டும் அறுந்து, அதில் ஒன்று பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட் டப்பாவுக்குள் போய் விழுந்தது. மிஸ் என் பிக்கை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப்பார்த்துவிட்டு, அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார். எவர்சில்வர்தான் வரும்.

மழை

மாண்டலின் தந்தி டிங் என்று பிறந்து உடனே செத்துவிடும். ஒரு ஸ்வரம் நீளமாக வேண்டும் என்றால் பிக்கைக் கீழும் மேலுமாக விடாமல் வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரெமலோ என்று அதற்குப் பெயர். அப்படி வாசித்தால் தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஒரே இழையாகக் கேட்கும். அது படிய வருஷக்கணக்காகும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

எனக்கு மூன்றாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, வந்துவிட்டது. பிக்கைத் தந்தியில் வைத்தேன், மழை கொட்டியது. மிஸ் பாடத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு என் மணிக்கட்டைப் பார்க்கச் சொன்னார். நாற்பத்து நாலு வயதில் முதல் முறையாக ஒரு வகுப்பில் எனக்காகக் கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போய், என் கையில் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தேவியிடம் சொன்னேன்.

"காலைல சட்ட பட்டன் போட வர்ல, நான் போட்டு வுடறேன். அந்தக் கையிலயா சரஸ்வதி?" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் விரல் நுனிகள் வெளுத்துப்போய் மரத்துக் கிடக்கும். குழாய்த் தண்ணீர் பட்டால் ஊசி குத்தும். வயசாகிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆனால் சரஸ்வதி தினமும் வரவில்லை. சில நாள் வெளுத்து வாங்கினேன், சில நாள் கட்டை. காரணம் தெரியாமல் பேஜாராகிப்போய், தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைக்க ஆரம்பித்தேன். தடிமனான சேனல் அறுத்த நாளில் பிரமாதம். மார்க்கெட்டில் கரண்ட் போன நாளில் ஒன்றுமில்லை. பஸ் டோல்கேட் நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் பாதி போய்விடும். ஷேர் ஆட்டோவில் இன்ஜின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் அப்படியே இருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். எனக்கு லீவு நாள். நன்றாகத் தூங்கி, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனேன். பிக் தந்தியில் தட்டுத்தடுமாறி விழுந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வாசித்துக்கொண்டிருந்தது நான் இல்லை. நாள் முழுக்க கிரைண்டர் பிடித்த கை, மெஷினைக் கீழே வைத்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். அதில் பிக்கைக் கொடுத்தால் தந்தி மேல் ஆடியது.

யோக்கியன் என்றால் மிஸ்ஸிடம் சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. வகுப்பு நாளான செவ்வாயும் வெள்ளியும் கனமான சேனலாகக் கேட்டு வாங்கி அறுத்தேன். மற்றவர்கள் எனக்கு வேலையில் பக்தி வந்துவிட்டதாக நினைத்தார்கள். ஒரு பழைய சினிமாப் பாட்டை இடது கைக்கு மட்டும் ஒழுங்காகப் பாடம் செய்தேன். வலது கையைக் கிரைண்டர் பார்த்துக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் குங்குமம்

பந்தயம் கட்டியபோது ஒரு விஷயம் எனக்கோ மச்சானுக்கோ தோன்றவில்லை. மார்க்கெட்டில் வேலை செய்கிறவன் மறக்கவே கூடாத விஷயம். ஆயுத பூஜை என்றால் மெஷின்களுக்கு ஓய்வு.

முதல் நாள் மத்தியானமே எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள். விஜயதசமி காலையில்தான் மறுபடி கையில் எடுப்பது. நடுவில் தொட்டால் மெஷின் கையைப் பதம் பார்த்துவிடும் என்று எங்களுக்கு நம்பிக்கை. நானும் அதை நம்புகிறவன்தான்.

காலையில் கடைக்குப் போய்ப் பார்த்தேன். என் கிரைண்டர் முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம். பக்கத்திலேயே முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டே நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று இழுத்தேன். அவர் ஒரு கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தினார்.

வீட்டுக்கு ஓடினேன். தேவி மிக்ஸிக்கும் பொட்டு வைத்திருந்தாள். மாவு கிரைண்டருக்கும் பொட்டு. தையல் மெஷினுக்கு மாலையே போட்டிருந்தாள். மிக்ஸியை ஐந்து நிமிஷம் ஓடவிடச் சொன்னேன்.

"இன்னா அரைக்கணும்?"

"அரைக்க இல்ல. புடிச்சிகினு நிக்கணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுண்டலில் கடுகு போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்து சலூன். தலைக்கு மசாஜ் போடுகிற மெஷின் அங்கே உண்டு. அதுவும் கண்ணாடி முன்னால் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. கடைசி நம்பிக்கை ஷேர் ஆட்டோ. வாழைக்கன்று கட்டிய ஒரு வண்டியில் ஏறி, திருவொற்றியூருக்கும் டோல்கேட்டுக்கும் இரண்டு நடை போய்வந்தேன். சாலையில் லாரிகளே இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் புதுசாகத் தார் போட்டிருந்தார்கள். வண்டி வெண்ணெயில் வழுக்குவது போலப் போயிற்று. என் வாழ்நாளில் நல்ல ரோட்டை நினைத்து நான் கண்ணீர் விட்டது அன்று ஒரு நாள்தான்.

சாயங்காலம் சும்மா கிடக்கிற கையோடு மேடைக்குப் பின்பக்கம் வந்தேன். அங்கே அந்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வடசென்னையில் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரே மெஷின். நான் அதன் காலில் விழாதது ஒன்றுதான் குறை.

கடைசி ஸ்வரம்

அரை மணி நேரத்தில் என் கை தோள்பட்டை வரை ஆட ஆரம்பித்துவிட்டது. கிரைண்டர் ஒரு நாள் முழுக்கக் கொடுப்பதை அது மொத்தமாகக் கொடுத்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். முன் வரிசையில் மச்சான் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேவி. மிஸ்ஸும் அம்மாவோடு வந்திருந்தார்.

பாட்டு ஒழுங்காகப் போனது. ஒழுங்காக என்ன, மழையாகக் கொட்டியது. மச்சான் காலை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி வரிக்கு வந்து, கடைசி ஸ்வரத்தில் நின்றேன். அங்கே முடிக்க வேண்டும்.

கை நிற்கவில்லை.

சும்மா கொஞ்ச நேரம் இழுக்கிறான் என்று ஜனங்கள் நினைத்தார்கள். விசில் பறந்தது. ட்ரம்ஸ் அடித்தவர் முடிவுக்கு ஒரு உருட்டு உருட்டினார். நான் முடிக்கவில்லை என்றதும் திகைத்துப்போய், மறுபடி ஆரம்பத்திலிருந்து தாளம் போட்டார். மார்க்கெட் சங்கத் தலைவர் மேடை ஏறி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சால்வை போர்த்தினார். கீபோர்டுக்காரர் சோடா வாங்கிக் குடித்தார். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கையை நில் என்றேன். வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அது கேட்கவில்லை. யாருடைய கையோ என் தோளில் தொங்கிக்கொண்டு ஆடுவது போல இருந்தது. அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் எனக்குப் பயம் வந்தது. அதற்கு முன் அந்த மாதிரி நான் பயந்ததில்லை.

மிஸ் மேடை ஏறி வந்தார். மாலை போட வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் நின்றது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். அவர் என் காதருகே குனிந்தார்.

"அங்கிள், பிக் கீழ விழுந்துடுச்சு. கை இன்னும் வாசிக்குது."

மச்சான் மாண்டலின் எனக்கே சொந்தம் என்று மைக்கில் அறிவித்தார்.

எடை மேடை

தேவி கூட்டிப்போன டாக்டர் என் விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து விரலில் ரத்த ஓட்டமும் நரம்பும் கெட்டுக்கொண்டு வருகிறது, இதே வேலையில் இருந்தால் நாளைக்குச் சூடு எது, குளிர் எது என்றுகூடத் தெரியாது என்றார். தேவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டு, என்னை லாரி எடை போடுகிற இடத்துக்கு மாற்ற வைத்தாள். பட்டனை அமுக்கி, சீட்டைக் கிழித்துக் கொடுக்கிற வேலை.

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. மூன்று மாதத்தில் கை அடங்கிவிட்டது. அதோடு மழையும் போனது. மாண்டலின் என்னுடையதாகிவிட்டது, வாசிக்கக் கை இல்லை. மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு புதுப் பிக்கை எடுத்துக் கொடுத்து, தோளை இறக்குங்க அங்கிள், ஒரு தட்டு கீழே, ஒரு தட்டு மேலே என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பிஸ்கட் டப்பாப் பிள்ளை அதற்குள் என்னை மூன்று பாடம் தாண்டிப்போயிருந்தான்.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. சங்கத்தில் அந்த நீளமான முடிவை மறுபடி வாசித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள். முதல் நாள் காலை, மெஷின்களைத் துடைப்பதற்கு முன்னால், முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாள்தானே, உன் மெஷினுக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விடுகிறேன், நாளைக்கு மேடைக்கு முன்னால் கொஞ்சம் சேனல் அறுத்துவிட்டுப் போயேன் என்றார். தேவிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார்.

பொய் சொல்லப்போவதில்லை. அப்போதே போய் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கனம் கைக்கு மறக்கவில்லை. சுவிட்ச் மேல் விரலை வைத்தேன். வழுக்காமல் இருப்பதற்காக அந்த சுவிட்சில் பொடிப்பொடியாக வரி போட்டிருக்கிறான். அந்த வரிகள் விரலுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருபத்திரண்டு வருஷம் அமுக்கிய சுவிட்சில் வரி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றுவிட்டு, மெஷினைக் கீழே வைத்துவிட்டு எடை போடப் போய்விட்டேன்.

மறுநாள் மேடையில் அதே பாட்டை வாசித்தேன். கீழே ஒன்று, மேலே ஒன்று. ட்ரம்ஸ்காரர் எனக்காகக் காத்திருந்து காத்திருந்து அடித்தார். இரண்டாவது வரியில் பின் வரிசைகள் சுண்டல் வாங்கப் போய்விட்டன. மூன்றாவது வரியில் மச்சானுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. கடைசி ஸ்வரம் டிங் என்று பிறந்து உடனே செத்தது. நான் கையை எடுத்தேன். எடுத்த இடத்தில் கை அப்படியே நின்றது.

யாரும் தட்டவில்லை. முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையிலிருந்து தேவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்" என்றேன்.